சிவராசா அண்ணை கேட்காமல் விட்ட கேள்வி

டோர்வலில், விமான நிலையத்துக்குப் பின்னால், பயணிகளுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே தமிழர் முப்பத்தேழு பேர் இருக்கிறோம். இங்கே அலுவல்கள் எல்லாம் பிரெஞ்சில்தான். எங்களில் யாருக்காவது பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் அதை நாங்கள் வாசித்துப் பார்ப்பதுகூட இல்லை. நேரே கொண்டுபோய் சிவராசா அண்ணையின் கையில் கொடுத்துவிடுவோம். வரிக் கடிதமோ, பள்ளிக்கூடக் கடிதமோ, வீட்டுக்காரன் வாடகை கூட்டி அனுப்பிய கடிதமோ, எல்லாவற்றுக்கும் அவர்தான். இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்குள் டாக்டர்களும் பேராசிரியர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் உண்டு. நான் ட்ரொலி கழுவும் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். எழுதுவதில் எனக்குப் பெருமை.

அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. எண்பத்தொன்பதில் இங்கே வந்து, டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் ஏழு வருடம் பாத்திரம் கழுவினார். அங்கிருந்த சமையற்காரர் பேசிய பிரெஞ்சில் பாதி கெட்ட வார்த்தை. சிவராசா அண்ணை முதலில் அவ்வளவையும் பாடமாக்கினார். பிறகு மாலை வகுப்புக்குப் போய், அவற்றில் எதையெல்லாம் சபையில் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டார். இப்போது நகரசபைக்காரர்களே அவரிடம் மரியாதையாகத்தான் கதைப்பார்கள். வில்லரேப் பகுதியில் இரண்டாம் மாடியில் வீடு. மனைவி ஞானாம்பிகை, இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள்.

படிவம் நிரப்பும்போது அவரோடு மனிதர் இருக்க முடியாது. கறுப்புப் பேனைதான் வேண்டும். பெட்டிக்கு வெளியே ஒரு கோடு போய்விட்டால் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். பிறந்த திகதியை வாயால் சொன்னால் நம்பமாட்டார். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். எனக்கு இரண்டு தடவை ஏச்சு விழுந்திருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் ஒரு கோப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. “நான் நிரப்பின ஃபோம் ஒண்டும் திரும்பி வந்ததில்லை, தங்கச்சி” என்று மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். உண்மைதான், போன வருடம் வரைக்கும்.

போன வருடம் ஏப்ரலில் நிர்வாகம் மருத்துவக் காப்புறுதியை மாற்றியது. மருந்து, பல், கண்ணாடி எல்லாம் பழையபடி இருக்கும். அதோடு புதிதாக ஒன்று: மாரடைப்பு, புற்றுநோய் போன்ற கடும் நோய் வந்தால் ஒரு தொகையை மொத்தமாகத் தருவார்கள். புகைப்பவர்கள் அதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். படிவத்தில் பதினொரு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் புகைத்தீர்களா என்பது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில், மின்சிகரெட் உட்பட நிக்கொட்டின் உள்ள எல்லாமே இதில் அடங்கும் என்று போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு அறையில் மேசை போட்டு அண்ணை உட்கார்ந்தார். மற்ற முப்பத்தாறு பேரும் வரிசையில் நின்றோம். தொழிற்சங்கத்தில் எங்கள் பகுதிக்கு நான்தான் பிரதிநிதி. அதனால் அவர் நிரப்பியவற்றைக் கையெழுத்து வாங்கி அடுக்குவது என் வேலை. உயரம் கேட்டார், நிறை கேட்டார். “மூலம் இருக்கோ?” என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அப்பாவுக்கு என்ன வருத்தம், அம்மாவுக்கு என்ன வருத்தம், ஒன்றும் விடவில்லை. ஒன்பதாவது கேள்வி வந்ததும் மட்டும் தலையை நிமிர்த்தாமல் ‘இல்லை’ என்ற பெட்டியில் கோடு போட்டுவிட்டுப் பத்தாவதுக்குப் போனார். முதல் ஆளுக்கும் அப்படித்தான். முப்பத்தேழாவதாக, தன் படிவத்துக்கும் அப்படித்தான்.

வெளி ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் ஆட்கள் பத்துவார்கள், அதாவது புகைப்பார்கள், ஆனால் பத்துகிறவர் என்று யாரும் இல்லை. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. இடைவேளையில் அதற்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பெரியவர் ஒருவர் வரும் சத்தம் கேட்டால் நெருப்போடு சேர்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, குளிரைப் பற்றிக் கதைப்பார்கள். வந்தவரும் மணத்தைக் கண்டும் காணாததுபோல் குளிரைப் பற்றியே கதைத்துவிட்டுப் போவார். இப்படி இருக்க, அன்று மேசைக்குப் பக்கத்தில் ஆனந்தராசா ஐயா நின்றார். சூடான சமையல் பகுதியில் இருப்பவர், அறுபத்துநாலு வயது, கோயில் சபையில் செயலாளர். அவருக்குப் பின்னால் அவருடைய மருமகன் நிஷான். மாமனார் பார்த்துக்கொண்டு நிற்க, மருமகனைப் பார்த்து “பத்துறனீங்களோ?” என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அது விசாரிப்பு இல்லை, அவமரியாதை. அண்ணை கேட்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நவம்பரில் நிஷானுக்கு மாரடைப்பு வந்தது. முப்பத்தாறு வயது. விமானத்தின் கதவு வரைக்கும் ட்ரொலிகளைத் தூக்கிக் கொடுக்கும் வண்டியை ஓட்டுபவன். வண்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது மறைக்காமல் சொல்லியிருக்கிறான்: சிகரெட்டை விட்டு மூன்று வருடம், இப்போது தினமும் வேப் என்கிற மின்சிகரெட். அது கோப்பில் ஏறியது. காப்புறுதிக்காரர்கள் கோப்பைக் கேட்டு வாங்கினார்கள். ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார் வைத்தியர். அவன் மனைவி அனோஜினி இரண்டாவது பிள்ளை பிறந்து விடுப்பில் இருந்தாள். அந்தத் தொகை வராவிட்டால், வாங்கி இரண்டு வருடமே ஆன வீட்டை விற்க வேண்டியதுதான்.

ஜனவரியில் பதில் கடிதம் வந்தது. பிரெஞ்சில் வந்தது. வேறு யாரிடம் கொண்டுபோவது? நிஷானும் ஆனந்தராசா ஐயாவும் அதைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து சிவராசா அண்ணையிடம் கொடுத்தார்கள்.

அவர் கண்ணாடியைப் போட்டு முதலில் தனக்குள் வாசித்தார். முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. அந்த அறையில் வேறு ஒருவருக்கும் அந்தக் கடிதம் விளங்காது. என் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி என்கிற வணக்கம், நன்றியோடு சரி. ஏதோ ஒரு பத்திரம் குறைகிறதாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் வரிவரியாக அப்படியே தமிழில் சொன்னார். விண்ணப்பதாரர் தான் புகைப்பதில்லை என்று பொய் சொல்லியிருப்பதால், தொகை வழங்கப்படமாட்டாது.

“இவர் பத்துறேல்லையே” என்றார் ஆனந்தராசா ஐயா.

நிஷான் நிலத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். “வேப் இழுக்கிறனான், மாமா. சிகரெட்டை விட்டு மூண்டு வருஷம். வேப் எப்பிடிப் பத்துறதாகும்? புகையே இல்லை, வெறும் ஆவி. நான் ஆரிட்டைப் பொய் சொன்னனான்?”

“நீர் பொய் சொல்லேல்லைத் தம்பி” என்றார் சிவராசா அண்ணை. “உம்மை ஒருத்தரும் கேக்கேல்லை. கீழை இருந்த சின்ன எழுத்தை நான் வாசிச்சனான். வாசிச்சிட்டும் கேக்கேல்லை. பிழை என்ரை.” கடிதத்தை மடித்து வைத்தார். “உம்மைக் கேட்டால் எல்லாரையும் கேக்கவேணும். எல்லாரையும் கேட்டால் என்னையும் கேக்கவேணும். நானும் வேப்தான் இழுக்கிறன், நாலு வருஷமா.”

அறையில் இருந்த அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஆனந்தராசா ஐயா கை கழுவப் போய்விட்டார். இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் குளிர்ச்சட்டையின் உள்பையிலும் ஒன்று கிடந்தது. நாலு பாகை குளிரில் எட்டு மணித்தியாலம் தட்டு அடுக்குகிறவள் நான். மூன்று வருடத்துக்கு முன் பிடித்த பழக்கம். சிகரெட்டை வாழ்க்கையில் தொட்டதில்லை. என் படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது. ஆண்கள் சட்டைப்பைக்குள் ஒளிப்பதைச் சொல்லிச் சிரிக்கிறேனே, நான் கழிவறையில் பூட்டிக்கொண்டு நின்று இழுக்கிறவள். அன்று மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் நிர்வாக அலுவலகத்தில் கூட்டம். காப்புறுதிப் பக்கத்தில் இருந்து மதாம் பெலான்ஜே என்ற பெண்மணி வந்திருந்தார். தொழிற்சங்கம் சார்பில் நான் போனேன். நிறுவனத்தில் ஒருவர் இருவரின் பிரெஞ்சையும் எனக்காக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, அந்தக் கோடு தான் போட்டது, கேட்காமல் போட்டது என்றார்.

“நீங்கள் அவருடைய நண்பர். அப்படித்தான் சொல்லுவீர்கள்” என்றார் அந்த அம்மா. “கையெழுத்து அவருடையது. எங்கள் கணக்கில் நிக்கொட்டின் என்றால் நிக்கொட்டின்தான். வேப்பால் இருபது வருடத்துக்குப் பிறகு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததற்கும் நாங்கள்தான் விலை போடவேண்டும்.”

நான் கொதித்தேன். அண்ணை கோபப்படவில்லை. “மதாம், உங்கள் பத்திரத்தில் அதுவும் புகைதான் என்று இருந்தால், நாங்கள் ஆம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எழுதுகிறோம். கூடுதலையும் கட்டுகிறோம்” என்றார் அண்ணை. “ஆனால் நான் இருபத்தெட்டு வருடம் சிகரெட் பிடித்தவன். என் வைத்தியர்தான், விட முடியாவிட்டால் இதற்காவது மாறு என்றார். இப்போது மாடி ஏறும்போது இடையில் நிற்பதில்லை. இரண்டையும் நீங்கள் ஒரே பெட்டியில் போட்டால், சிகரெட்டை விட்டு வந்தவனைப் பார்த்து நீ விட்டதில் பிரயோசனம் இல்லை, திரும்பிப் போ என்று சொல்கிறீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால்தான் உங்களுக்கும் இருபது வருடத்தில் ஏதாவது தெரியவரும்.”

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு பேனையை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். “நீங்கள் ஒருவரையும் கேட்காமல் முப்பத்தேழு பேருக்கும் கோடு போட்டது உண்மையென்றால், அதில் பிழையான கோடுகள் இன்னும் இருக்க வேண்டுமே. எங்கே அவை?”

ஒன்று தன்னுடையது என்றார் அண்ணை. ஒன்று போதாது என்றார் அவர். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள், மற்றவர்களும் தங்களைக் கேட்கவில்லை என்றும் தாங்கள் புகைப்பதாகவும் கையெழுத்து வைத்தால் நிஷானின் விண்ணப்பத்தை மறுபடி எடுப்பார்களாம். அண்ணை எழும்பவில்லை. முன்வந்து சொல்கிறவர்களின் காப்புறுதியை வெட்டக்கூடாது, கட்டணத்தைத் திருத்தினால் போதும் என்பதை எழுத்தில் தரும்படி கேட்டார். எழுதி, முத்திரை குத்தி, பிரதி எடுத்துக் கையில் வாங்கிய பிறகுதான் கதிரையை விட்டு எழுந்தார்.

திங்கள் முதல் வியாழன் வரை அவர் ஆண்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். ஆறு பேர் ஓம் என்றார்கள். ஆறு பேரும் மறுநாள் வந்து வேண்டாம் என்றார்கள். “அண்ணை, சம்பளத் துண்டிலை கூடக் கழிச்சால் மனுசிக்குத் தெரிஞ்சிடும்” என்றான் ஒருவன். “அப்பாவும் இஞ்சைதானே வேலை செய்யிறார்” என்றான் இன்னொருவன். குற்றம் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் அகப்படப்போகிறேன் என்று நினைத்தான். என்னை அண்ணை கூப்பிடவில்லை. பெண்களை அவர் கேட்பதாகவே இல்லை.

“நாளைக்கு மேசையைப் போடுவம்” என்றார் அண்ணை, வியாழன் மாலை என்னிடம்.

“விசரோ அண்ணை உங்களுக்கு? தனிய கேட்டே சொல்லாதவை சபையிலை சொல்லுவினமோ?”

“தனிய கேட்டதாலைதான் சொல்லேல்லை, தங்கச்சி.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே அறையில் அதே மேசை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நிஷானும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாய் இருந்தான். அண்ணை மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று ஒன்பதாவது கேள்வியைச் சத்தமாகத் தமிழில் வாசித்தார், கீழே இருந்த சின்ன எழுத்தையும் சேர்த்து. பிறகு தானே பதில் சொன்னார். “சிவராசா. ஓம். வேப், நாலு வருஷம். அதுக்கு முதல் சிகரெட், இருபத்தெட்டு வருஷம்.” எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து, “அடுத்தது ஆர்?” என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

எழுந்தவர் ஆனந்தராசா ஐயா. நெற்றியில் திருநீறு, கையில் வெள்ளைத் தொப்பி. நேரே வந்து கதிரையில் உட்கார்ந்தார். சிவராசா அண்ணை நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணை, பத்துறனீங்களோ?”

“ஓம். சிகரெட். ஒரு நாளைக்கு நாலு. கோயில் நாளிலை ரெண்டு.” திரும்பி நிஷானைப் பார்த்தார். “தம்பி, நீர் நான் பாக்கக்கூடாது எண்டு ஒளிச்சீர். நான் நீர் பாக்கக்கூடாது எண்டு ஒளிச்சன். ரெண்டு பேரும் ஒரே கதவுக்குப் பின்னாலைதான் நிண்டிருக்கிறம்.” பிறகு சிவராசா அண்ணையிடம், “எழுதும், சிவராசா. வடிவா எழுதும்” என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம். தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வரிசையில் நின்றார்கள். சிகரெட் என்றவர்கள் ஐந்து பேர், வேப் என்றவர்கள் நாலு பேர், இரண்டும் என்றவன் ஒருவன். அண்ணை ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார், ஒருவரையும் விடவில்லை.

பணம் மார்ச்சில் வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகைப்பவருக்குரிய கூடுதல் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை முழுதாகத் தந்தார்கள். நிஷானின் வீடு நிஷானிடமே இருக்கிறது. இந்த வருடப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இரண்டாகப் பிரிந்திருக்கிறது: சிகரெட் தனி, வேப் தனி. கட்டணம் இன்னும் ஒன்றுதான். அதை அடுத்த கூட்டத்தில் ஒரு கை பார்க்கிறேன் என்கிறார் அண்ணை. பார்ப்பார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை. ஆண்களின் வரிசை முடிந்ததும் அண்ணை பேனையை மூடினார். நான் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அறையில் பெண்கள் பதினாறு பேர் இருந்தோம். எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்களிடம் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள், அவர் உட்பட. என் கணவரின் சித்தப்பா மூன்றாவது மேசையில் இருந்தார். இரவுக்குள் கதை என் மாமியின் காதுக்குப் போய்விடும் என்று தெரியும். அப்படியே இருந்திருந்தால் நிஷானுக்கும் ஒன்றும் குறைந்திருக்காது, கையெழுத்துகள் போதும். ஆனால் அறுபத்திரண்டு வயதில் அந்த மனிதர் செய்ததைப் பார்த்துவிட்டு, கழிவறைக்குள் திரும்பிப் போக என்னால் முடியவில்லை.

அடுக்கை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தேன்.

“என்ன தங்கச்சி?”

“என்னை நீங்கள் கேக்கேல்லை, அண்ணை.”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் ஏசவில்லை. பேனையைத் திறந்து, புதிய தாளை எடுத்து, என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். பிறகு ஆண்களைக் கேட்ட அதே குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

“துஷாந்தினி, பத்துறனீங்களோ?”

“ஓம். வேப். மூண்டு வருஷம்.”

எழுதினார். பெட்டிக்கு வெளியே ஒரு கோடும் போகவில்லை. நான் கையெழுத்து வைத்ததும் தாளை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார்.

“அடுத்தது ஆர்?” என்றார்.

இரண்டு பேர் எழுந்தார்கள்.